அத்தியாயம் 7: துளை போடாத தொட்டிக்கு ஒரு சம்ப்

சென்னைக்காரர்களுக்குச் ‘சம்ப்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வாசலுக்கு அடியில் இரும்பு மூடி போட்டு வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டி அது. மெட்ரோ வாட்டர் வந்து அதில் நிற்கும். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து தானாகக் குழாய்களுக்கு இறங்கும். மீன் தொட்டியின் சம்ப்பும் அதே ஏற்பாடுதான். மேலே மீன்கள் இருக்கும் தொட்டி, ஸ்டாண்டுக்குள் கீழே இன்னொரு தொட்டி. மேலிருந்து தண்ணீர் தானாக இறங்கும், கீழே வடிகட்டப்படும், சின்ன மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். வீட்டு மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் போதும். இதுவோ நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓட வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மாடித் தொட்டி வழிந்தால் தண்ணீர் மொட்டை மாடியில் ஓடிப் போய்விடும். கூடத்தில் இருக்கும் மீன் தொட்டி வழிந்தால் அது தரையிலும் சோபாவிலும் பிளக் பாயின்ட்டிலும் போய் நிற்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் குழாய் வேலையைவிடக் கணக்கு வேலை அதிகம். குழாய் என்றாவது ஒரு நாள் கைவிடும் என்று வைத்துக்கொண்டே இதை அமைக்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் போய் நிற்க இடம் இருந்தால் வீடு தப்பிக்கும்.

உதாரணத்துக்கு ஒரு 4 அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 45 செ.மீ. முழுக்க நிரப்பினால் 243 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 200 லிட்டர். இந்தத் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவையுங்கள். இனி எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

சம்ப் யாருக்கு வேண்டும்?

2 அடித் தொட்டியில் பத்து கப்பி வளர்ப்பவருக்குச் சம்ப் தேவையில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், தங்கமீன் போல நிறையத் தின்று நிறையக் கழிவு போடும் மீன்களை 3 அடி, 4 அடித் தொட்டியில் வைத்திருப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். முதலாவதாக, தண்ணீரின் மொத்த அளவு கூடுகிறது. நம் உதாரணத்தில் 50 லிட்டருக்கு மேல் சேரும். இரண்டாவதாக, செராமிக் ரிங், பயோ பால் போன்றவற்றைக் கிலோக் கணக்கில் வைக்க இடம் கிடைக்கிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் அவற்றின் மேல்தான் குடியிருக்கும். மூன்றாவதாக, தண்ணீர் மேற்பரப்பிலிருந்து இறங்குவதால், தீவனத்தில் இருந்து வரும் எண்ணெய்ப் படலம் முதலில் வெளியேறிவிடும். தொட்டியின் மேற்பரப்பு பளிச்சென்று இருக்கும்.

ஏன் துளை போடாமல்?

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொட்டி செய்யக் கொடுப்பவர் செய்யும்போதே துளை போட்டு வாங்கிக்கொள்வதுதான் நல்லது. துளை வழியாக இறங்கும் தண்ணீருக்குக் காற்றுக் குமிழ் பயம் கிடையாது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை என்ன செய்வது? மீன்களை இறக்கி, மணலை அள்ளி, தொட்டியைக் கவிழ்த்து டைமண்ட் பிட்டால் துளை போட எல்லோராலும் முடியாது. கண்ணாடி டெம்பர்டு வகையாக இருந்தால் முயலவே கூடாது. பிட் பட்ட இடத்திலிருந்து மொத்தக் கண்ணாடியும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கண்ணாடிக்கு ஒரு பக்கம் எல்சிடி திரை கொண்ட லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். மறுபக்கம் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் கருந்திட்டுகளோ கோலம் போன்ற நிழல்களோ தெரிந்தால் அது டெம்பர்டு. சந்தேகம் இருந்தாலும் துளை வேண்டாம். அப்படிப்பட்ட தொட்டிகளுக்குத்தான் விளிம்பின் மேலாகத் தண்ணீரை ஏற்றி இறக்கும் இந்த முறை.

இரண்டு ஹோஸ் போட்டால் போதாதா?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். தண்ணீர் மாற்றும்போது ஹோஸை வாயால் உறிஞ்சி விட்டால் தண்ணீர் தானாக விளிம்பு ஏறிக் கீழே இறங்குகிறதே, அதையே நிரந்தரமாக வைத்து, ஒரு வால்வால் மோட்டார் வேகத்துக்குச் சமமாகத் திருகிவிடலாமே என்று நினைப்பார்கள். செய்யாதீர்கள். இரண்டு வேகமும் ஒருநாளும் சமமாக நிற்காது. ஸ்பாஞ்சில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும், குழாயில் கொஞ்சம் பாசி படிந்தாலும் தராசு ஒரு பக்கம் சாயும். கரண்ட் போனால் இன்னும் மோசம். மோட்டார் நின்றுவிடும், ஹோஸ் நிற்காது. அதன் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை மேல் தொட்டி காலியாகும். அத்தனையும் கீழே வழியும்.

நமக்கு வேண்டியது மோட்டார் ஓடினால் மட்டும் தண்ணீரை இறக்கி, மோட்டார் நின்றால் தானும் நின்று, மறுபடி ஓடும்போது யாரும் உறிஞ்சாமலே தானாகத் தொடங்கும் சைஃபன். அதற்கு வழி எளிது. சைஃபனின் இரண்டு முனையும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் வளைந்த குழாய் இருக்கும். அது இந்த வேலையைத்தான் செய்கிறது. அதையே பிவிசி குழாயில் நாமே செய்துகொள்ளலாம்.

குழாயின் அமைப்பு

தண்ணீர் போகும் வழியை வரிசையாகப் பாருங்கள். தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு குழாய், மேலே திறந்த வாய். இதை ‘உள்வாய்’ என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்புத் தண்ணீர் இதற்குள் விழுந்து கீழே இறங்கும். அடியில் யு வடிவத்தில் திரும்பி, பக்கத்துக் குழாயில் மேலே ஏறும். தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கும். இது ‘மேல் வளைவு’. வெளியே இறங்கிய குழாய் மறுபடி ஒரு யு போட்டு, கொஞ்சம் மேலே வந்து ஒரு டீயில் முடியும். டீயின் பக்கவாட்டுத் துவாரம் ‘வெளிவாய்’. அங்கிருந்து தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். டீயின் மேல் துவாரம் காற்றுக்காகத் திறந்திருக்கும்.

மோட்டார் நின்றால் என்ன நடக்கும்? தொட்டியின் நீர்மட்டம் உள்வாய் வரை இறங்கி நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் குழாய்க்குள் நுழைய வழியில்லை. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளிவாயின் மட்டம் வரை இறங்கி நிற்கும். இரண்டு யு-க்களும் நிரம்பியே இருக்கும். மேல் வளைவில் காற்று புகாது. கரண்ட் வந்ததும் தொட்டியின் மட்டம் ஏறி, தண்ணீர் உள்வாயில் விழும். சைஃபன் தானாக வேலையைத் தொடங்கும்.

நம் 4 அடித் தொட்டிக்கான அளவுகள் இவை. எல்லாம் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளந்தவை.

* ஓடும்போது நீர்மட்டம்: 4 செ.மீ.
* உள்வாய்: 5.5 செ.மீ.
* வெளிவாய்: 12.5 செ.மீ.
* இரண்டு யு வளைவுகளின் அடி: 25 செ.மீ.

உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையிலுள்ள 7 செ.மீ. வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும் சக்தி. அது குறைந்தால் ஓட்டம் குறையும். வெளிவாயைவிட யு-வின் அடி 12.5 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் மோட்டார் நிற்கும்போது காற்று உள்ளே புக முடியாது. இந்த இரண்டு இடைவெளியையும் கைக்கு வந்தபடி மாற்றாதீர்கள்.

வாங்க வேண்டியவை

ஹார்டுவேர் கடையில் ‘ஒரு இன்ச் பிவிசி’ என்று கேட்டால் 32 மி.மீ. குழாயை எடுத்துத் தருவார்கள். அதுதான் வேண்டும். குழாய் 3 மீட்டர், எல்போ 7, டீ 1, எண்ட் கேப் 1, பிவிசி சொல்யூஷன் ஒரு சின்ன டப்பா, டெஃப்லான் டேப், ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள். மீன் கடையில் ஏர் டியூப் 2 மீட்டர், ஏர் டியூபுக்கான சின்ன வால்வு 1, செக் வால்வு 1. மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று.

பெரிய குழாய் போட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று 50 மி.மீ. வாங்கிவிடாதீர்கள். துளை போட்ட தொட்டிக்கு அது சரி. சைஃபனுக்கு அது ஆபத்து. குழாய் அகலமானால் தண்ணீர் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் தண்ணீர் குமிழ்களை இழுத்துச் செல்லாமல் மேல் வளைவில் விட்டுவிட்டுப் போகும். அங்கே சேரும் காற்று ஒரு நாள் சைஃபனை அறுத்துவிடும். மணிக்கு 800 லிட்டர் ஓட்டத்துக்கு 32 மி.மீ. சரியாக இருக்கும்.

செய்முறை

1. குழாய்களை அளந்து அறுங்கள். அறுத்த முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். பிசிறு நின்றால் பாசியும் தீவனத் துகளும் அதில்தான் பிடிக்கும்.

2. பசை போடாமல் முதலில் எல்லாவற்றையும் கோத்துத் தொட்டியில் மாட்டிப் பாருங்கள். அளவுகள் சரியென்றால் பென்சிலால் கோடு போட்டுக் கழற்றுங்கள்.

3. மேல் வளைவின் உச்சியில் ஏர் டியூப் வால்வு நுழையும் அளவுக்குத் துளை போட்டு, வால்வை இறுக்கமாகச் சொருகி, சுற்றிலும் சிலிக்கானோ எபாக்சியோ பூசுங்கள். இந்த இடத்தில் ஊசி முனை அளவுக் கசிவு இருந்தாலும் காற்று உள்ளே போகும்; வெளியே சொட்டாது என்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

4. உள்ளே இருக்கும் யு-விலிருந்து வெளியே டீ வரை எல்லா மூட்டுக்கும் சொல்யூஷன் போடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகே தொட்டியில் வையுங்கள்.

5. உள்வாய்க் குழாயை மட்டும் இப்போதைக்கு டெஃப்லான் டேப் சுற்றிச் சொருகுங்கள். உயரத்தைச் சரிபார்த்த பிறகு பசை போடலாம். இந்த மூட்டு கசிந்தால் தண்ணீர் உள்வாயில் நிற்காமல், கசியும் இடம் வழியாக நுழைந்து வெளிவாய் மட்டம் வரை இறங்கிவிடும். அதாவது இன்னும் 7 செ.மீ., கிட்டத்தட்ட 38 லிட்டர். கரண்ட் போன சமயத்தில் சம்ப் வழிவதற்கு இதைவிடச் சத்தமில்லாத காரணம் வேறில்லை.

6. உள்வாயின் விளிம்பில் ஹேக்ஸாவால் 3 மி.மீ. அகலத்தில் பல் பல்லாக வெட்டுங்கள். மீனும் இலையும் உள்ளே போகாது. குஞ்சு மீன் இருந்தால் நைலான் வலை சுற்றுங்கள். ஆனால் வலையைத் தினமும் பார்க்க வேண்டும்.

7. டீயின் மேல் துவாரத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்ட கேப்பை வையுங்கள். முழுக்க மூடினால் தண்ணீர் விட்டு விட்டு இழுத்து, ‘களக் களக்’ என்று இரவெல்லாம் சத்தம் போடும். சம்ப்பில் இறங்கும் குழாயின் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் இருந்தால் போதும்.

ஒரு விதியை மறக்க வேண்டாம். இறங்கும் குழாயில் எந்த இடத்திலும் வால்வு வைக்கக் கூடாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மோட்டாரிலிருந்து ஏறும் குழாயில் வையுங்கள்.

கீழ்த் தொட்டி

75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டி செய்து தருபவர்களிடம் அளவைக் கொடுத்தால் தடுப்புக் கண்ணாடிகளோடு ஒட்டித் தருவார்கள். முதலில் உங்கள் ஸ்டாண்டின் கதவு வழியாக அது உள்ளே போகுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

இதை மூன்று அறையாகப் பிரிக்க வேண்டும். முதல் அறையில் தண்ணீர் இறங்கும். அங்கே ஸ்பாஞ்சும் பஞ்சும். இரண்டாவது அறையில் செராமிக் ரிங், எரிமலைக் கல் போன்றவை. மூன்றாவது, மோட்டார் அறை. மோட்டார் அறைக்கு முந்தைய தடுப்பு 25 செ.மீ. உயரம். இதனால் முதல் இரண்டு அறைகளிலும் எப்போதும் 25 செ.மீ. தண்ணீர் நிற்கும். மோட்டார் அறையின் நீளம் 20 செ.மீ.தான். அதில் தண்ணீரை 20 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்வோம். ஆவியாகிக் குறையும் தண்ணீர் இந்த அறையில் மட்டுமே தெரியும். தினமும் இங்கே ஒரு பார்வை போதும்.

மோட்டார் அறையை ஏன் இவ்வளவு சின்னதாக வைக்கிறோம் என்பதற்குப் பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

இரண்டு கணக்குகள்

*முதல் கணக்கு: கரண்ட் போனால்.* மேல் தொட்டியில் தண்ணீர் உள்வாய் வரை, அதாவது 1.5 செ.மீ. இறங்கும். அதே சமயம் மோட்டாரிலிருந்து ஏறும் குழாய் வழியாகவும் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். அந்தக் குழாயின் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே 2 செ.மீ.க்கு மேல் அமிழ்த்தாதீர்கள். முனைக்கு மேலே, நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுத்து ஓட்டத்தை நிறுத்திவிடும். துளை பாசியால் அடைத்துக்கொண்டாலும் அதிகபட்சம் 2 செ.மீ.தான் இறங்கும். 10.8 லிட்டர். குழாய்களில் இருப்பதையும் சேர்த்தால் 12 லிட்டர். சம்ப்பில் 25 செ.மீ.க்கு மேல் இன்னும் 15 செ.மீ. உயரம் காலி. அதில் 33 லிட்டர் பிடிக்கும். தாராளம்.

*இரண்டாவது கணக்கு: சைஃபன் அறுந்தால்.* இறங்குவது நின்றுவிடும், மோட்டார் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். மோட்டார் அறையில் 1 செ.மீ. தண்ணீர் என்பது 0.6 லிட்டர். மோட்டார் 6 செ.மீ. வரை உறிஞ்சும் என்றால் 14 செ.மீ. தண்ணீர் மேலே போகும். அது 8.4 லிட்டர். தடுப்புகளின் மேல் ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்தால் 10 லிட்டர். மேல் தொட்டியில் மட்டம் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறும். விளிம்புக்கு இன்னும் 2 செ.மீ. மிச்சம். மோட்டார் காற்றை உறிஞ்சிச் சத்தம் போடும், ஆனால் ஒரு சொட்டும் தரைக்கு வராது.

இந்த இரண்டாவது கணக்கை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. முதன்முதலில் சம்ப் அமைத்தபோது தடுப்பு எதுவும் இல்லாத ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பைத்தான் கீழே வைத்தேன். அதில் 60 லிட்டர் தண்ணீர். ஒரு மாதத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ‘கர்ர்’ என்ற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். பாதத்தில் தண்ணீர் பட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூடம் முழுக்க ஈரம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் வந்து நின்றிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். ஸ்பாஞ்ச் அடைத்து மோட்டாரின் வேகம் குறைந்திருக்கிறது. ஓட்டம் மெதுவானதும் மேல் வளைவில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்திருக்கிறது. டப்பில் இருந்த 60 லிட்டரில் 40 லிட்டருக்கு மேல் மேலே ஏறிவிட்டது. 5.4-ஆல் வகுத்துப் பாருங்கள், 7 செ.மீ.க்கு மேல். என் தொட்டியில் காலியிடம் 4 செ.மீ.தான் இருந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துச் சுவரில் ஒரு அடி உயரத்தில் அடித்தேன். மறுநாளே தடுப்பு வைத்த கண்ணாடித் தொட்டிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

இதே காரணத்துக்காக, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட மாடித் தொட்டிக் குழாயிலிருந்து மிதவை வால்வு வைத்துச் சம்ப்போடு இணைக்க வேண்டாம். சைஃபன் அறுந்த அன்று மோட்டார் அறையில் மட்டம் குறையக் குறைய அந்த வால்வு புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு முடிவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கையால் ஊற்றுவதே மேல்.

மோட்டார்

மோட்டார் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் எண், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் கிடைக்கும் எண். உயரம் கூடக் கூட அது குறையும். 2000 லிட்டர், உச்ச உயரம் 2 மீட்டர் என்று போட்ட மோட்டார் 1 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ பாதிதான் தரும். நம் ஸ்டாண்டுக்கு ஏற்றம் 1 மீட்டர் அளவு. தேவை மணிக்கு 800 லிட்டர். ஆக இந்த மோட்டார் பொருந்தும்.

சரிபார்க்க ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். ஏறும் குழாயின் முனையை, அது தொட்டியில் இருக்கப்போகும் அதே உயரத்தில் வாளிக்குள் பிடியுங்கள். 45 விநாடியில் வாளி நிறைந்தால் மணிக்கு 800 லிட்டர். 30 விநாடியில் நிறைந்தால் 1200; வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் போதாது, குமிழ் சேரும்.

முதல் ஓட்டம்

மேல் தொட்டியில் உள்வாய்க்கு மேல் வரை தண்ணீர் நிரப்புங்கள். வெளியே இருக்கும் யு-விலும் டீயின் மேல் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். இதை மறந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். பிறகு மேல் வளைவின் வால்வில் ஏர் டியூபைச் சொருகி, சிரிஞ்சால் காற்றை இழுங்கள். ஏழெட்டு முறை இழுத்தால் சிரிஞ்சில் தண்ணீர் வரும். குமிழ் இல்லாத தண்ணீர் வரும்வரை இழுத்துவிட்டு வால்வை மூடுங்கள். இப்போது மோட்டாரைப் போடுங்கள்.

உள்வாயில் விழும் தண்ணீர் குமிழ்களைக் கொண்டுவருவதால் காற்று மெல்ல மெல்லச் சேரத்தான் செய்யும். அதைத் தொடர்ந்து வெளியேற்ற, காற்று இழுக்கும் முனை உள்ள சின்ன பவர்ஹெட் ஒன்றைத் தொட்டிக்குள் வைத்து, அந்த முனையை ஏர் டியூபால் மேல் வளைவின் வால்வோடு இணையுங்கள். வால்வைத் திறந்து வையுங்கள். நடுவில் செக் வால்வு இருக்கட்டும். பவர்ஹெட் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். செக் வால்வு பழுதானாலும் கரண்ட் போகும்போது அது தண்ணீரைத்தான் இழுக்கும், காற்றை இழுக்காது.

இரண்டு சோதனைகள்

மேலே போட்ட கணக்கைத் தாளில் நம்பக் கூடாது. தண்ணீரில் பார்க்க வேண்டும். பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது, சுற்றிலும் பழைய துணி போட்டுச் செய்யுங்கள்.

*கரண்ட் சோதனை.* மோட்டாரையும் பவர்ஹெட்டையும் சேர்த்து அணையுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். சம்ப்பில் மட்டம் ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அரை மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் உள்வாய் மூட்டு கசிகிறது. பிறகு மோட்டாரைப் போடுங்கள். சைஃபன் தானாகத் தொடங்க வேண்டும். இதைப் பத்து முறை செய்யுங்கள். ஒன்பது முறை தொடங்கி ஒரு முறை தொடங்காவிட்டாலும் அது தேறவில்லை.

*சைஃபன் சோதனை.* மோட்டார் ஓடும்போதே ஏர் டியூபைக் கழற்றி, மேல் வளைவின் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள். இறங்குவது நின்றுவிடும். கையில் பிளக்கோடு பக்கத்தில் நில்லுங்கள். மேலே மட்டம் ஏறுவதையும் கீழே மோட்டார் அறை வற்றுவதையும் பாருங்கள். மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும்போது மேலே விளிம்புக்கு இடம் மிச்சம் இருந்தால் உங்கள் அமைப்பு தேறியது. இல்லையென்றால் மோட்டார் அறையில் தண்ணீரைக் குறையுங்கள், அல்லது மோட்டாரைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். பார்த்தவுடன் மோட்டாரை அணைத்துவிடுங்கள்; தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும்.

முதல் சோதனையை எல்லோரும் செய்வார்கள். இரண்டாவதைச் செய்யாமல் விடுவார்கள். வீட்டை நனைப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

மின்சாரம்

தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே அலமாரிக்குள் இருக்கப்போகின்றன. பிளக் பாயின்ட் சம்ப்பின் மேல் விளிம்பைவிட உயரத்தில், பக்கச் சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், சம்ப் வைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்க வேண்டும். இதில் அவசரத்துக்கு விதிவிலக்கு கிடையாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கி மதியம் தாண்டியும் நீளும். அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடாவிட்டால் செராமிக் ரிங்கில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மேலே மீன்களுக்கும் ஆக்சிஜன் குறையும். இன்வெர்ட்டரில் ஒரு ஏர் பம்பை இணைத்து, ஒரு கல்லை மேல் தொட்டியிலும் ஒன்றைச் சம்ப்பின் இரண்டாவது அறையிலும் போட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

* தினமும்: மோட்டார் ஓடும்போது மேல் தொட்டியில் நிற்கும் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவைத்து, அதைப் பாருங்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் உள்வாய்ப் பற்கள் அடைத்திருக்கின்றன, அல்லது மேல் வளைவில் காற்று சேர்கிறது. வெள்ளைக் குழாய்க்குள் குமிழ் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கோடுதான் அதைக் காட்டும்.
* வாரம் ஒருமுறை: பற்களைப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பஞ்சை மாற்றுங்கள், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். சிரிஞ்சால் ஒருமுறை காற்றை இழுத்துப் பாருங்கள். நிறையக் காற்று வந்தால் பவர்ஹெட்டின் முனை அடைத்திருக்கிறது.
* மாதம் ஒருமுறை: ஏறும் குழாயின் 4 மி.மீ. துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள். மோட்டாரின் சக்கரத்தைக் கழற்றிக் கழுவுங்கள். வாளிச் சோதனையைத் திரும்பச் செய்து வேகம் குறைந்திருக்கிறதா பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் சுண்ணாம்புபோல் உப்பு படியும். கழற்றிய பாகங்களை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.
* மூன்று மாதத்துக்கு ஒருமுறை: இரண்டு சோதனைகளையும் முதலிலிருந்து செய்யுங்கள். தொட்டிக்குள் புதிதாகக் கல் வைத்தாலோ, மோட்டார் மாற்றினாலோ அன்றே செய்யுங்கள்.

வெயில் காலத்தில் சம்ப் இன்னொரு உதவியும் செய்யும். சம்ப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தால் தண்ணீர் ஆவியாகி, தொட்டியின் சூடு தணியும். ஆவியாகும் வேகம் கூடுவதால், அந்த மாதங்களில் மோட்டார் அறையைக் காலையும் மாலையும் பாருங்கள்.

துளை போடாத சம்ப், துளை போட்டதற்குச் சமம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் கூடுதலாக ஒரு கண் எப்போதும் வேண்டும். ஆனால் கணக்குச் சரியாக இருந்தால், அது தவறும் நாளில்கூட உங்கள் தரை நனையாது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டு சோதனைகளிலும் தேறாத அமைப்பை ஓடவிட்டுவிட்டு ஒரு இரவுகூடத் தூங்கப் போகாதீர்கள், வெளியூருக்கும் கிளம்பாதீர்கள். மோட்டாரை அணைத்து, பழைய ஃபில்டரையே ஓடவிட்டு, மறுநாள் பகலில் மீண்டும் அளந்து பாருங்கள்.